இடது முன்கதவு

பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான் எந்த ஒர்க்ஷாப்பிலும் முதலில் காணாமல் போகும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைச் சொல்வான். என் கடையில் இருபது வருஷமாக அது தொலைந்ததே இல்லை. என்னுடையது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். சாப்பிட உட்காரும்போதும் இருக்கும், வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவிலுக்குப் போகும்போதும் இருக்கும். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என் சுபாவம். நான் பதற்றக்காரனோ பொறுப்பில்லாதவனோ இல்லை என்று நீங்கள் முதலிலேயே தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஜெயராமன் சார், போன செவ்வாய்க்கிழமை நீங்கள் டென்சிலின் ஜீப்பைப் பார்க்க விவேக் நகரில் இருக்கும் என் கடைக்கு வந்தீர்கள். பின்னால் பஸ் இடித்து பம்பர் நசுங்கியிருந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர்கள் வழக்கமாகப் பம்பருக்கு ஒரு படம், நம்பர் பிளேட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை. இவ்வளவு பழைய ஜீப்பில் இன்ஜெக்ஷன் என்ஜின் எப்படி வந்தது என்று ஆர்வமாகக் கேட்டீர்கள். டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். அங்கே இருந்த, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு மூலை உருகி இறங்கியிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கொப்புளம் கட்டியிருந்தது. ஜீப்பின் டாஷ்போர்டிலோ ஒரு கரித்தடம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பொம்மசந்திராவில், பழைய வண்டி உடைக்கும் குஜரியில் நடந்த தீ விபத்துக்கு, பக்கத்து குடோன்காரரின் இன்ஷூரன்சுக்காக விசாரிக்க வந்தவர் நீங்கள்தான். அன்று சாட்சி சொன்னவன் நான்தான். இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்துவிட்டது.

"இது அந்த குஜரில எரிஞ்ச காரோடதா?" என்று கேட்டீர்கள்.

ஆமாம் என்றேன்.

"தீ புடிக்கறதுக்கு முன்னாடி கழட்டினதா, அப்புறமா?"

இந்த ஐந்து வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முன்னாடிதான் என்று நான் சொல்லியிருந்தால் உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பெட்டியின் மூலை மட்டும் வேறு மாதிரி சொல்கிறது, அவ்வளவுதான். எழுதியே தருகிறேன், வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்றேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. படித்தது அல்சூரில், தமிழ் மீடியத்தில். நீங்களும் தமிழில் படிப்பவர் என்பதால் பாதி வேலை குறைந்தது.

முதலில் டென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், கொஞ்சம் வாய் நீளம். ராணுவத்தில் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் பழைய என்ஜின் பெட்ரோலைக் குடித்த குடிக்கு ஓடிய தூரம் ரொம்பக் குறைவு. அதை எடுத்துவிட்டுப் புது ரக இன்ஜெக்ஷன் என்ஜினை உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அப்போது 2002ஆம் வருஷம். விவேக் நகர், ஆஸ்டின் டவுன் பக்கத்தில் அந்த வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் முடியும் என்றேன்.

என்ஜின் கிடைத்துவிட்டது. ஆனால் மொட்டையாகக் கிடைத்தது. பழைய கார்புரேட்டர் வண்டியில் என்ஜினே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் வண்டி அப்படி இல்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை அழுத்திக் குழாயில் தள்ள வேண்டும். நாலு இன்ஜெக்டர்கள் அதைப் பீய்ச்ச வேண்டும். எப்போது, எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பெட்டி சொல்ல வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும். புதிதாக வாங்குவது டென்சிலுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது. ஒன்பது மாதம் அந்த என்ஜின் என் கடையின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

டென்சில் சனிக்கிழமை தோறும் வருவார். "என்ன மேன் சின்னப்பா, எந்த கிறிஸ்மஸுக்கு ரெடி? சொன்னா கேக் ஆர்டர் பண்ணுவேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். கடையில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ராஜேந்திரன் போன் செய்தார். பொம்மசந்திராவில் அவருக்குப் பெரிய குஜரி இருந்தது. பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கும் இடத்தை பெங்களூரில் எல்லோரும் குஜரி என்றுதான் சொல்வோம். ஓசூர் ரோட்டில் அடிபட்ட ஒரு வெள்ளிக் கலர் கார் வந்திருக்கிறது, நான் தேடும் சாமான் எல்லாம் அதில் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்க லாரி இடித்து உள்ளே போயிருந்தது. கல்லின் மேல் ஏறி என்ஜினின் அடிப்பாகம் பிளந்திருந்தது. மேலே உள்ளது எல்லாம் புத்தம் புதுசு. அந்த வண்டியை ஓட்டியவர் அதிலேயே இறந்துவிட்டார் என்றார்கள். சீட்டில் அவருடைய கண்ணாடிக்கூடு கிடந்தது. அதை எடுத்து டாஷ்போர்டில் வைத்தேன்.

"வேணுங்கறத எடுத்துக்கோ குரு. ஆனா விஜயதசமி அன்னிக்கு கேஸ் கட்டர் வெச்சு அறுக்க ஆள் வர்றான். அதுக்கப்புறம் என்னைக் கேட்டு பேஜார் பண்ணாதே" என்றார் ராஜேந்திரன்.

எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். எழுந்தபோது ஆயுதபூஜைக்கு முந்தின நாள். மறுநாள்தான் எனக்கு மிச்சமிருந்த ஒரே நாள்.

இந்த ஊரில் ஆயுதபூஜை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒர்க்ஷாப் வைத்திருப்பவன் இந்துவோ, முஸ்லிமோ, என்னைப் போல வேதக்காரனோ, அன்றைக்கு எல்லாக் கருவியையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுக்க வைத்துவிடுவான். மறுநாள் வரை அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் கை காலில் படும் என்று என் ஆட்கள் நம்பினார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. எனக்குத் தேவைப்பட்ட நாலைந்து சாமானை முந்தின நாளே தனியாக எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டேன். பத்தாம் நம்பர் எப்போதும் போலச் சட்டைப் பையில் இருந்தது. ஒரு பேட்டரியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கட்டி, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஓசூர் ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய் கிடந்தது. சறுக்காமல் போக வேண்டியிருந்தது.

குஜரியில் பெருமாள்சாமி மட்டும் இருந்தார். அங்கே வாட்ச்மேன். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர், ஐம்பது வயதிருக்கும். அவரும் மனைவி ஜானகியும் குஜரிக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஜானகி பக்கத்து பாக்டரியில் பெருக்கும் வேலை. அன்று அங்கே பூஜை, பொரி கடலை வாங்கிக்கொண்டு வருவதற்குப் போயிருந்தாள்.

பெருமாள் ஒரு பையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டி முன்னாலும் ஒரு வில்லை ஏற்றிக்கொண்டு வந்தார். நசுங்கிய லாரி, சக்கரமில்லாத ஆட்டோ, பாதி அறுத்த வேன், எதையும் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுங்களுக்கு எதுக்குண்ணா பூஜை என்று கேட்டேன்.

"ஓடற வண்டிக்கு ஊரே பூஜை போடுதுப்பா. ஓடாததுக்கு யாரு போடுவா? ஜானகிதான் ரெண்டு பாக்கெட் வாங்கிக் குடுத்து, ஒண்ணைக்கூட வுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னிக்கா? இன்னிக்கு ஸ்பேனர் தொடக் கூடாதுப்பா."

"நான் வேதக்காரன்ணா. எனக்கு அதெல்லாம் ஒட்டாது."

"உனக்கு ஒட்டாது. வண்டிக்கு?" என்றார். நாளை அறுத்துவிடுவார்கள் என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். முதலில் அந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டிவிட வேண்டும், பிறகு நான் என் வேலையைச் செய்துகொள்ளலாம். அவர் ஸ்பேனரைத் தொட மாட்டார். "வேணும்னா கண்ணைக் குடுக்கறேன், காதைக் குடுக்கறேன். கையைக் கேக்காதே" என்றார்.

காருக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் கற்பூரம் ஏற்றினார். கும்பிட்டார். நானும் கை கூப்பினேன். அதில் இறந்தவர் யாரோ, எந்த மதமோ தெரியாது. மரியாதை எல்லோருக்கும் ஒன்றுதானே.

ஒரு மணி நேரத்தில் மேலே இருந்த சாமானை எல்லாம் கழற்றிவிட்டேன். இன்ஜெக்டர்கள் நாலும் அவற்றைக் கோத்திருக்கும் குழாயோடு வந்தன. சாக்கில் சுற்றி ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்தேன். மிச்சம் இரண்டு. பின் சீட்டுக்கு அடியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப், டாஷ்போர்டுக்கு அடியில் இடது பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர். பெட்டியை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருந்தன, இரண்டும் பத்தாம் நம்பர். ஒன்றைக் கழற்றினேன். அப்போது பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் நல்லது என்று தோன்றியது. வேலை செய்யாத பம்பைச் சுமந்துகொண்டு போய் டென்சில் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை.

பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் மேல் மூடியைத் திறந்தேன். கால் டேங்க் பெட்ரோல் இருந்தது. முன்னால் வந்து, பெட்ரோல் வரும் குழாயின் வாயைத் தண்ணீர் பாட்டில் ஒன்றுக்குள் விட்டேன். பேட்டரியைத் தரையில் வைத்து, அதிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஒயரில் கிளிப் மாட்டத் தயாரானேன். பம்ப் ஓடும் சத்தம் மெல்லியது. முன்னால் நிற்பவனுக்குக் கேட்காது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும்.

பெருமாள் காதைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாரே. உள்ளே போய் உட்காரச் சொன்னேன். வலது பக்கக் கதவு இரண்டும் லாரி இடித்ததில் அழுந்திக் கிடந்தன. இடது பின்கதவு வளைந்து சட்டத்தோடு மாட்டிக்கொண்டிருந்தது. மதியமே நாலையும் நான் இழுத்துப் பார்த்திருந்தேன். இடது முன்கதவு ஒன்றுதான் திறந்தது. அதன் வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துப் பின்னால் போனார். பெரிய உடம்பு. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் போனார்.

கிளிப்பை மாட்டினேன். "கூவுதுப்பா! நல்லா கூவுது!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். செத்த வண்டியில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல.

குழாயைப் பாட்டிலோடு சேர்த்து நான் கட்டவில்லை. ஒரு துண்டு கம்பி போதும், என்னிடம் இருந்தது. பதினைந்து வருஷமாகப் பெட்ரோல் பம்ப் பார்த்தவன் கட்டாமல் விட்டேன். அழுத்தம் ஏறியதும் குழாய் பாட்டிலை விட்டுத் துள்ளியது. பெட்ரோல் என்ஜின் மேல், பேட்டரி மேல், தரையில் எல்லாம் பீய்ச்சியடித்தது. பிறகு தீப்பிடித்தது. முன்பக்கம் முழுக்க ஒரே மூச்சில் பிடித்தது.

சாமான் கழற்றியது வரை நான் சொன்னது, ஐந்து வருஷத்துக்கு முன் உங்களிடம் சொன்னதுதான். பம்ப் ஓட்டிப் பார்த்ததை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் மாற்றியிருந்தேன். பெருமாள் கார் முன்னால் கற்பூரம் ஏற்றப் போனார், நான் தள்ளி ஸ்கூட்டர் பக்கம் இருந்தேன், திரும்பிப் பார்க்கும்போது தீ என்று சொன்னேன். அவர் ஏன் காருக்குள் கிடந்தார் என்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கண்ணாடிக்கூட்டை எடுக்கப் போயிருப்பார், செத்தவர்கள் சாமான் என்றால் அவருக்கு இரக்கம் என்றேன். நீங்கள் தலையசைத்து எழுதிக்கொண்டீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்புறமாகத்தான் கழற்றினேன்.

தீயைப் பார்த்ததும் நான் ஓடிப்போகவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இடது முன்கதவுக்குத்தான் ஓடினேன். பெருமாள் பின்னாலிருந்து எழுந்து, சீட்டுகளுக்கு நடுவில் பாதி வந்துவிட்டிருந்தார். நான் உள்ளே குனிந்ததும் கையை நீட்டினார். நான் கை கொடுக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்துவிட்டார். பாவம். என் கை டாஷ்போர்டுக்கு அடியில் போனது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். தெளிவாக யோசித்தேன். பெருமாளுக்குக் கை கால் இருந்தது. பெட்டிக்கு இல்லை. நான் எடுக்காவிட்டால் அது தானாக வெளியே வராது. ஒரு போல்ட் ஏற்கெனவே வெளியே இருந்தது. மிச்சம் ஒன்று, அப்புறம் ஒயர் சாக்கெட். ஸ்பேனர் பையிலேயே இருந்தது. தேட வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்தக் கதவில் ஒரு ஆள்தான் நுழைய முடியும். நான் குனிந்திருந்ததால் கதவு முழுவதும் நானாக இருந்தேன்.

அவர் கத்தவில்லை. என் முதுகில் தட்டினார். இரண்டு தட்டு. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டால் முன்னால் நிற்பவனை எப்படித் தட்டுவோமோ அப்படி. "சின்னப்பா, கொஞ்சம் நவுருப்பா" என்றார்.

"ஒரு நிமிஷம்ணா" என்றேன்.

அவர் சரி என்று நின்றார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு தட்டவில்லை. என்னை நம்பினார். மரை கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அதனால் தாமதமாயிற்று. சாக்கெட் வந்தது. பெட்டி கையில் சுட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்பக்கமாக வெளியே வந்தேன். வழி விட்டேன். வழி விட்டபோது, பின்னால் நான் திறந்து வைத்திருந்த டேங்க் மூடி பக்கம் தீ வந்துவிட்டது. உள்ளே எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. அவர் வெளியே வரவில்லை.

பத்தடி தள்ளி நின்றேன். பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மூடினேன். பிறகுதான் உதவிக்குக் கூப்பிட்டேன். ரோட்டுக்கு ஓடி வந்து கத்தினேன். என் குரல் அன்றைக்கு அப்படி உடைந்ததற்கு நடிப்பு காரணமில்லை. நான் உண்மையாகவே அழுதேன்.

கூட்டம் வந்து, தீயணைப்பு வண்டி வந்து, பக்கத்து குடோன் சுவர் வரை எரிந்து அடங்கிய பிறகு ஜானகி வந்தாள். கையில் பொரிப் பை. அவளை யாரும் உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கற்பூரமாண்ணா?" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை சார், அவளாகத்தான் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

"நான்தான் குடுத்தேன். ரெண்டு பாக்கெட் நான்தான் குடுத்தேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தவர்கள், பூஜை நாளில் எவனோ இரும்பைத் தொட்டிருக்கிறான், அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. ஒரு விதத்தில் அவர்கள்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தார்கள்.

பம்ப் எரிந்துபோனதால் வேறு பம்ப் ஒன்றை மாட்டி, அந்த டிசம்பரில் ஜீப்பை ஓடவைத்தேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. டென்சில் என்னைக் கட்டிப்பிடித்து, "யூ ஆர் எ மெஜிஷியன் மேன்" என்றார். கேக் கொண்டுவந்து கடையில் எல்லோருக்கும் கொடுத்தார். அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வேறு பலரும் வந்தார்கள். இன்று பெங்களூரில் இந்த வேலைக்கு என் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஜானகியை நான் விட்டுவிடவில்லை. புருஷன் குஜரியைக் கொளுத்திவிட்டான் என்று ராஜேந்திரன் அவளைக் கொட்டகையிலிருந்து வெளியேற்றிவிட்டார். நான்தான் விவேக் நகருக்குக் கூட்டிவந்து, கடைக்குப் பின்னால் அறை பார்த்துக் கொடுத்தேன். கழற்றிய சாமானை மண்ணெண்ணெயில் கழுவும் வேலையைக் கொடுத்தேன். சுத்தமாகச் செய்வாள். என்னைக் கூடப் பிறந்தவன் போல நினைக்கிறாள். நான் சரியாகச் சாப்பிடாவிட்டால் திட்டுவாள்.

ஆனால் விளக்கு ஏற்றுவதில்லை. இந்த ஐந்து வருஷத்தில் ஒரு வத்திக்குச்சியைக்கூட அவள் உரசி நான் பார்த்ததில்லை. அடுப்பைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பற்றவைத்துவிட்டுப் போகிறாள். ஆயுதபூஜை அன்று நாங்கள் கற்பூரம் காட்டும்போது அவள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் நான் போய்க் கூட்டிவருவேன். வழியில் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ரொம்ப நேரம் வலிச்சிருக்குமாண்ணா?"

"இல்லம்மா. ஒரு நிமிஷம்தான்" என்பேன்.

எனக்குப் பெருமாளின் அந்தத் தட்டு இன்னும் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு மறைப்பானேன். பானெட்டுக்குள் குனிந்தால் முதுகில் படும். ஒன்று, சின்ன இடைவெளி, இன்னொன்று. கை சூடாக இருக்காது. சாதாரண மனிதக் கைதான். முதலில் என் ஆட்களைத் திட்டினேன். அவர்கள் நாலடி தள்ளி நின்று முழித்தார்கள். கோவிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தில் படும். நான் என்னையறியாமல் ஒரு நிமிஷம்ணா என்று சொல்லிவிடுவேன், பின்னால் நிற்கும் அம்மாக்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இப்போது நான் குனிந்து செய்யும் வேலையை விட்டுவிட்டேன். நாற்காலியைச் சுவரோடு போட்டு உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். படுக்கும்போதும் மல்லாந்துதான் படுக்கிறேன். சில நாள் பாய்க்கு அடியிலிருந்து தட்டுவது போல இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது சார். அவர் கோபமாகத் தட்டினால்கூடப் பரவாயில்லை. இன்னும் மரியாதையாகத்தான் தட்டுகிறார்.

உங்கள் பழைய ரிப்போர்ட்டில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தீக்குக் காரணம் கற்பூரம் இல்லை. பெருமாள் அந்தக் கற்பூரம் எரிந்து முடிந்ததும் அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்துகொண்டு வந்தார். சுற்றிலும் காய்ந்த புல், எண்ணெய் மண், அதனால் ஜாக்கிரதை. செங்கல்லைக் கையால் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் என்னை வேலை ஆரம்பிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் சாமான் கழற்றினேன். குழாய் துள்ளியபோது, பெட்ரோலில் நனைந்த பேட்டரியிலிருந்து கிளிப்பை வெடுக்கென்று பிடுங்கியது நான். பொறி பறந்தது அங்கேதான். ஓடுகிற பம்பின் கிளிப்பை அப்படிப் பிடுங்கினால் பொறி வரும் என்பது முதல் வருஷம் வேலைக்குச் சேருபவனுக்கே தெரியும்.

அந்தக் கதவில் நான் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அவர் வெளியே வந்திருப்பார். நேரம் இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆக, நான்தான் கொன்றேன். இதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீசில் கொடுப்பதானாலும் கொடுங்கள், நான் எங்கேயும் போகப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜானகி டீ கொண்டுவந்து வைத்தாள். "என்னண்ணா, மூணு நாளா எழுதறீங்க, பரீட்சையா?" என்று கிண்டல் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்த ஐந்து வருஷத்தில் அவள் அந்தக் கற்பூரத்தோடு இருக்கப் பழகிவிட்டாள். இனிமேல் போய் அதை மாற்றிச் சொல்வது அவளுக்குச் செய்கிற கொடுமை. அழுவாள், நிச்சயமாக அழுவாள். அப்படி அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல, என்னை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.